165 சென்டிமீட்டர்

முப்பத்தோரு ஆண்டுகள் தொலைபேசித் துறையில் லைன்மேனாக வேலை பார்த்தவன் நான். கம்பம் ஏறியதைவிடக் குழி தோண்டியதே அதிகம். ஒளியிழைக் கேபிள் பதிக்கும் காலம் வந்தபோது 165 சென்டிமீட்டர் ஆழம் என்பது விதி. பாறை வந்தால் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு அதிகாரி நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தோண்ட வந்தவர்கள் எல்லா இடத்திலும் பாறை என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று காட்டுவதற்குக் கடப்பாரையோடு நான் இறங்குவேன். கடப்பாரை இறங்கும் சத்தத்தை வைத்தே கீழே இருப்பது களியா, சரளையா, பாறையா என்று சொல்லிவிட முடியும்.

இத்தனை கிலோமீட்டர் நிலத்தைப் பக்கவாட்டில் பார்த்தவன், சொந்த நிலத்தை மேலிருந்து மட்டும் பார்த்து ஏமாந்த கதை இது.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். செம்மண். மேற்கிலிருந்து கிழக்கே லேசான சரிவு. அப்பா காலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் ஊடுபயிராக அவரையும் விளைந்தன. ஓய்வு பெற்ற ஆண்டில் கையில் கொஞ்சம் பணம் வந்தது. நிலம் மேசை போல இருக்க வேண்டும், மழைநீர் ஒரே சீராக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பொக்லைன் இயந்திரத்தை மணிக்கணக்கு வாடகைக்குப் பேசி வரவழைத்தேன். மதியம் தொடங்கிய வேலை மாலைக்குள் முடிந்தது. மேற்குப் பக்கத்து மேட்டை வழித்துக் கிழக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினார் ஓட்டுநர். சிவப்புத் துணி விரித்தது போல இருந்தது நிலம். போட்டோ எடுத்து வைத்தேன்.

அந்த ஆண்டு நிலக்கடலை விதைத்தேன். கிழக்கே செடி முழங்கால் உயரம். மேற்கே சாண் உயரத்தில் வெளிறி நின்றது. யூரியா போட்டேன், டிஏபி போட்டேன், நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தேன். மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்ததும் மேற்குப் பகுதி முழுவதும் ஓடு போல இறுகிவிட்டது. பூத்த பூவிலிருந்து இறங்கிய விழுது மண்ணுக்குள் போக முடியாமல் மேலேயே காய்ந்து தொங்கியது. அடுத்த ஆண்டும் அதே கதை. பக்கத்து நிலத்துப் பெரியம்மா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இங்கே இருந்த மண் எங்கே தம்பி?" என்று கேட்டார். எல்லாம் இங்கேதான் இருக்கிறது பெரியம்மா, ஒரு கூடைகூட வெளியே போகவில்லை என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

மகள் வேளாண்மை படித்தவள். மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு வந்தவள் நிலத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்குத்தான் குழி தோண்டத் தெரியுமே, இரண்டு குழி தோண்டுங்கள்" என்றாள். ஒன்று மேற்கே, வழித்த இடத்தில். இன்னொன்று இயந்திரம் தொடாத வரப்போரத்தில், புங்க மரத்தடிக்குச் சற்றுத் தள்ளி. ஆழம் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. பழக்க தோஷம், 165 சென்டிமீட்டருக்கே தோண்டினேன்.

வரப்போரக் குழியின் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தம் செய்துவிட்டுப் பார்த்தோம். மேலே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 18 சென்டிமீட்டர், மண் பழுப்புச் சிவப்பு. வேர்கள், துளைகள், உதிரி உதிரியான சிறு கட்டிகள். கையில் எடுத்தால் புட்டு மாதிரி உடைந்தது. அதற்குக் கீழே நிறம் மாறி நல்ல சிவப்பு. இறுக்கம் அதிகம், ஈரத்தோடு பிசைந்தால் விரலில் ஒட்டியது. அது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வரை. பிறகு சரளை. 120 சென்டிமீட்டருக்குக் கீழே விசித்திரமான ஒன்று: பார்த்தால் பாறை, வரி வரியாக வெள்ளையும் கறுப்பும் தெரிகிறது, கடப்பாரை நுனியால் குத்தினால் மாவாக உதிர்கிறது. இதை எத்தனையோ முறை தோண்டியிருக்கிறேன். பாறை என்று கணக்கெழுதுவதா, மண் என்று எழுதுவதா என்று சண்டை வரும் இடம் இதுதான்.

"இரண்டும்தான் அப்பா, பாறை மண்ணாகிக்கொண்டிருக்கிறது" என்றாள் மகள்.

எங்கள் பகுதியின் அடிப்பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழையது. அதில் முக்கியமாக மூன்று பொருள்கள். கண்ணாடிச் சில்லு போல மின்னும் குவார்ட்ஸ், வெளிறிய ஃபெல்ஸ்பார், இரும்பு கலந்த கறுப்புக் கனிமங்கள். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகக் கீழே இறங்குகிறது. வேர்களும் அமிலம் கசியவிடுகின்றன. இந்த நீர் ஃபெல்ஸ்பாரைக் கரைத்துக் களிமண்ணாக மாற்றுகிறது. இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடிக்கின்றன. எங்கள் இரும்புக் கம்பங்கள் அடியில் சிவப்பதும், செம்மண் சிவப்பதும் ஒரே வேலை. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் மசியாது. அது உடைந்து மணலாக மிஞ்சுகிறது. அப்புறம் மழை, மேலே உண்டான நுண்ணிய களியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுபோய்ப் படிய வைக்கிறது. இரண்டாம் அடுக்கு கையில் ஒட்டியதன் காரணம் இதுதான்.

மேலடுக்கை ஏ என்றும், களி சேர்ந்ததை பி என்றும், மக்கிய பாறையை சி என்றும் பாடத்தில் எழுதுகிறார்கள். மண்ணை இப்படிச் செங்குத்தாக வெட்டிப் படிக்க வேண்டும், ஒவ்வொரு மண்ணும் பிறந்து வளர்ந்த ஓர் இயற்கைப் பொருள் என்று உலகுக்குச் சொன்னவர் ரஷ்யாவின் வசீலி தொகுச்சாயெவ். அந்நாட்டுக் கரிய புல்வெளி மண்ணைப் பற்றிய அவருடைய ஆய்வு 1883இல் வெளியானது. பிறகு 1941இல் ஜென்னி என்பவர், மண்ணை உண்டாக்குபவை ஐந்து என்று கணக்காக எழுதி வைத்தார்: தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடு பள்ளம், அடிப்பாறை, காலம். மகள் சொல்லும்போது ஜென்னி என்பதைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹான்ஸ் ஜென்னி, சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஆண்.

அந்த ஐந்தில் மேடு பள்ளத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாத்தூர் பக்கம் இருந்தேன். கரிசல் பூமி. வெயில் காலத்தில் நிலம் வெடித்து, கை முழுவதும் உள்ளே போகும். என் திருப்புளி ஒன்று ஒரு வெடிப்பில் விழுந்து திரும்பி வரவே இல்லை. மழை வந்தால் அதே நிலம் ஊதி, வெடிப்பு மூடி, கம்பத்தை மெல்லச் சாய்த்துவிடும். நிமிர்த்தி வைத்தால் அடுத்த கோடையில் வேறு பக்கம் சாயும். கறுப்பாக இருப்பதால் அதில் மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, நிறைய என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். உண்மையில் கரிசலில் கரிமச் சத்து பல இடங்களில் குறைவுதான். இருக்கும் கொஞ்சம் மக்கு, களியோடு இறுகப் பிணைந்து நிறத்தைத் தருகிறது. தமிழ்நாட்டுக் கரிசலுக்கும் அடியில் பெரும்பாலும் இதே வகைப் பாறைகள்தான். மழை குறைந்த தாழ்வான சமவெளியில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கழுவிப் போகாமல் தங்கிவிடுகின்றன. அங்கே உண்டாகும் களி வேறு ரகம். தர்மபுரிச் சரிவில் எல்லாம் கழுவிப் போய், கயோலினைட் என்னும் எளிய களியும் துருவும் மிஞ்சுகின்றன.

அந்தக் களி ரகங்களின் வேறுபாடு சாதாரணமல்ல. கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களி புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காக இருக்கும். தாள்களுக்கு இடையே நீர் புகுந்து விரிக்கும். ஒரு கிராம் களியின் எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்தால் எழுநூறு, எண்ணூறு சதுர மீட்டர் வரை வரும். மூன்று கிரவுண்டுக்கு மேல். எங்கள் செம்மண்ணின் களிக்கு ஒரு கிராமுக்குப் பத்து, இருபது சதுர மீட்டர்தான். அதாவது ஒரு சின்ன அறை.

பரப்பு எதற்கு என்றால், அங்கேதான் சத்து உட்காருகிறது. களித் துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம். சுண்ணாம்பு, சாம்பல் சத்து, அம்மோனியம் எல்லாம் நேர் மின்னூட்டம் கொண்டவை. ஒட்டிக்கொள்கின்றன, வேர் கேட்கும்போது கை மாறுகின்றன. இதைக் கேட்டதும் எனக்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில், மின்சாரம் நிலத்துக்குள் இறங்குவதற்கான எர்த் குழி போட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். களிப்பாங்கான நிலத்தில் எர்த் சட்டென்று கிடைக்கும். சரளையில் எத்தனை உப்பு போட்டாலும் மின்தடை மீட்டர் இறங்காது. மண் பரிசோதனை அறிக்கையில் மின்கடத்துத் திறன் என்று ஒரு வரி வரும். எல்லோரும் தாண்டிப் போவார்கள். அது உப்பின் அளவைச் சொல்வது. அதை மட்டும் நான் யாருடைய உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொண்டேன் என்பதில் எனக்குச் சிறிய கர்வம்.

சரி, என் நிலத்தில் களியும் குறைவு, இருக்கும் களியும் ஏழை. ஊறுகாய் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி வைத்தேன். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் வண்டல். களி படிய மூன்று நாளானது. அளந்தால் 9 சென்டிமீட்டரில் 6 மணல், 1 வண்டல், 2 களி. அப்படியானால் இத்தனை காலம் அப்பாவுக்கு எப்படி விளைந்தது?

மேலே இருந்த அந்த 18 சென்டிமீட்டரால். மக்கிப்போன இலை, வேர், சாணம் ஆகியவை கடைசியில் மக்குப் பொருளாக மாறும்போது, அதற்கும் களியைப் போலவே, எடைக்கு எடை பார்த்தால் எங்கள் களியைவிடப் பல மடங்கு அதிகமாக, சத்தைப் பிடித்து வைக்கும் மின்னூட்டம் உண்டு. அது துகள்களைக் கோத்துக் கட்டியாக்குகிறது. அதனால்தான் மழை விழுந்தும் ஓடு கட்டுவதில்லை. பொக்லைன் அதைத்தான் வழித்துக்கொண்டு போயிருக்கிறது. மேற்குக் குழியில் அந்தப் பழுப்பு அடுக்கு அறவே இல்லை. நான் கடலை விதைத்தது நேராக இரண்டாம் அடுக்கில். போட்ட யூரியா அம்மோனியமாகி, அதைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றியிருக்கும். நைட்ரேட்டுக்கும் களியைப் போலவே எதிர் மின்னூட்டம், அதனால் களியில் ஒட்டாது. அடுத்த மழையில் இறங்கிப் போயிற்று. பிடித்து வைக்க ஆளில்லாத வீட்டில் சம்பளத்தைக் கொடுத்தது போல.

மண் ஒரு கூடைகூட வெளியே போகவில்லை என்று பெரியம்மாவிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் கேட்ட மண் வேறு. ஒரு சென்டிமீட்டர் மேல் மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் ஆகலாம் என்கிறார்கள். என்னுடையது ஒரு மதியத்தில் போயிற்று, மணிக்கணக்கு வாடகையோடு.

மண்ணில் உள்ள உயிர்களைப் பற்றி மகள் பேசும்போதெல்லாம் நான் மண்புழுவோடு நிறுத்திவிடுவேன். டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணை அவை தின்று மேலே தள்ளுகின்றன என்று கணக்கிட்டார். ஆனால் அது இங்கிலாந்தின் ஈரப் புல்வெளி. எங்கள் காய்ந்த காட்டில் அந்த வேலையில் பாதியைச் செய்வது கரையான். புற்று மண் ஏன் அத்தனை வழுவழுப்பு என்று யோசித்திருக்கிறீர்களா? கரையான் ஆழத்திலிருந்து நுண்ணிய களியைப் பொறுக்கிக்கொண்டு வந்து எச்சிலால் பூசிக் கட்டுகிறது. துறையில் இருந்தபோது மரப் பெட்டிகளைத் தின்றதற்காகக் கரையானைத் திட்டாத நாளில்லை. இப்போது வரப்புப் புற்றை இடிக்க விடுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாதவற்றை நம்ப எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. பழைய பருத்தி வேட்டி ஒன்றை மூன்றாகக் கிழித்து, புங்க மரத்தடி, கிழக்கு வயல், மேற்கு வயல் மூன்றிலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து அடையாளக் குச்சி நட்டேன். மழைக் காலம். அறுபது நாள் கழித்துத் தோண்டினேன். மரத்தடியில் துணியே இல்லை. பாலியஸ்டர் நூலில் நெய்த கரை மட்டும் பச்சை நாடாவாக வந்தது. கிழக்கில் சல்லடை. மேற்கில் எடுத்துத் துவைத்திருந்தால் கட்டியிருக்கலாம். பருத்தி என்பது செல்லுலோஸ். தின்ன ஆளிருந்தால் தின்னப்படும். மேற்கில் பந்தி போட்டும் ஆளில்லை. பரிசோதனைக்கு அனுப்பிய மண்ணில் கரிமச் சத்து 0.21 சதவீதம் என்று வந்தது. அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே குறைவு என்று எழுதுவார்கள்.

நல்ல மண்ணில் ஒரு தேக்கரண்டியில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள். அவற்றில் ஒரு வகை, ஸ்ட்ரெப்டோமைசிஸ், பூஞ்சை போல இழையிழையாக வளரும். புது மழைக்கு வரும் மண் வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருள். அதைச் செய்வது முக்கியமாக இந்தக் கூட்டம்தான். என் பெரியப்பாவுக்குக் காசநோய் வந்து மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற அந்த மருந்தும் இதே குடும்பத்து உயிரி செய்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943இல் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வகத்தில், எரு நிறைந்த மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும். கம்பம் ஏறியவன் பெயர் அறிக்கையில் வராதது எங்கள் துறையின் தனிப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ரைசோபியம் பாக்டீரியா அங்கே உட்கார்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகிறது. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள். மேற்கு வயலில் முடிச்சுகள் குறைவு, கிள்ளினால் பச்சையும் பழுப்பும்.

வேர்களைச் சுற்றி வளரும் பூஞ்சை இழைகளைக் காட்டி, "உங்கள் கேபிள் மாதிரிதான் அப்பா" என்றாள் மகள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேபிள் எதையும் தின்பதில்லை. இது வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, செடியிடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. பிறகு யோசித்தால், நாங்களும் மாத வாடகை வாங்கியவர்கள்தான்.

மேற்கு வயலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மகள் புதிதாக எதுவும் சொல்லவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் ஒரே நிலத்தில் தொடர்ந்து உரச் சோதனை நடக்கிறது. அதுவும் செம்மண் நிலம். படிக்கும்போது அதைப் போய்ப் பார்த்தவள், "பத்து ஆண்டுக் கணக்கில் யோசியுங்கள் அப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வயது அறுபத்து மூன்று என்பதை நினைவூட்டினேன்.

முறையாக அனுமதி வாங்கி ஏரி வண்டல் பதினாறு டிராக்டர் கொட்டினேன். என்றோ மேட்டு நிலங்களிலிருந்து கழுவிப்போன களிதானே அது, பாட்டிலில் நான் பார்த்த குறையை அது கொஞ்சம் அடைக்கும். கோடையில் ஒருவரிடம் பேசி எட்டு இரவு ஆட்டுப் பட்டி போட்டேன். முதல் மழைக்குக் கொள்ளும் சணப்பும் கலந்து விதைத்து, சணப்பு பூக்கும் பருவத்தில் எல்லாவற்றையும் மடக்கி உழுதேன். ரோட்டவேட்டர் வேண்டாம் என்று சொன்னதற்கு டிராக்டர்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மண்ணை மாவாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், மழை விழுந்ததும் ஓடாகும். அழகுக்கு நான் ஏற்கெனவே ஒரு முறை பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த ஆண்டுச் சோதனையில் கரிமச் சத்து 0.27. ஓடு கட்டுவது குறைந்திருக்கிறது. கடலை இன்னும் போடவில்லை.

இரண்டு குழிகளும் திறந்தே கிடக்கின்றன. ஆடு விழும், மூடுங்கள் என்று மகள் தொலைபேசியில் திட்டுகிறாள். கேபிள் வேலையில் தோண்டிய மண்ணை ஒரே பக்கம் எறிவோம், தள்ளி மூடுவோம், மேலே எது வந்தது என்று யாரும் பார்த்ததில்லை. வரப்போரக் குழியின் மண்ணை நான்கு குவியலாக வைத்திருக்கிறேன்; மூடும்போது உதிரும் பாறை முதலில், பிறகு சரளை, பிறகு சிவப்பு, கடைசியில் பழுப்பு. நேற்று முன்தினம் மழை. இன்று காலை மண்வெட்டியோடு போனேன். பழுப்புக் குவியல் முழுவதும் பண்ணைக்கீரை முளைவிட்டிருக்கிறது. சரளைக் குவியலில் ஒன்றும் இல்லை. கீரை பறிக்கும் அளவுக்கு வரட்டும் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.